பிஸெர்த்துக்குப் போன பேருந்து

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு சன்னலோர இருக்கையோடு சேர்ந்து கிடைத்தது.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு தோஹாவிலிருந்து சென்னை போகும் விமானத்தில் எனக்கு நடு இருக்கை. சன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இங்கிட்டு வந்துக்கங்க தம்பி. பத்தொம்பது வருசமாப் பாத்தாச்சு, கீழ தண்ணிதான் இருக்கு" என்று எழுந்து இடம் மாறிக்கொண்டார். நன்றிக்கு இரண்டு வார்த்தை பேசுவோமே என்று பேச்சுக்கொடுத்தேன். நாலரை மணி நேரமும் அவர்தான் பேசினார். நான் சன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

பெயர் உடையப்பன். காளையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு சிற்றூர். நாற்பத்தேழு வயது. கத்தாரின் எரிவாயு ஆலைகள் இருக்கும் ராஸ் லஃபானில் சாரம் கட்டுகிறவர்களுக்கு ஃபோர்மேன். உயரமான குழாய்களிலும் தொட்டிகளிலும் வேலை பார்க்க வருகிறவர்கள் நிற்பதற்கு இவருடைய ஆட்கள்தான் முதலில் போய்க் கம்பிகளைப் பூட்டிக்கொடுக்க வேண்டும்.

அவர் இதைக் கதையாகச் சொல்லவில்லை. சந்தேகமாகத்தான் கேட்டார்.

"தம்பி, படிச்சவுக மாதிரி இருக்கீங்க. ஒரு மனுசன் பாசை தெரியாத எடத்துல போயி உக்காந்திருக்கான். திடீர்னு எல்லாரும் திரும்பி அவனைப் பாத்துக் கைதட்டுறாங்க. எதுக்குன்னு அவனுக்குத் தெரியாது. அதை என்னன்னு எடுத்துக்கிறது?"

"எப்போ நடந்தது?"

"நேத்து" என்றார்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

1961, சூலை 19. பிஸெர்த் துறைமுகத்தின் மேல் பிரெஞ்சு விமானங்கள் தாழ்வாகப் பறந்து வந்தபோது, பத்தொன்பது வயது ஈசா மணல் மூட்டைகளுக்குப் பின்னால்

இதை முடிக்கவில்லை. போர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் கண்டதெல்லாம் சென்ற ஆண்டு சூன் மாதத்தில் ஒரு மாலை தோஹா வானத்தில் ஏவுகணைகளை மறிக்கக் கீற்றுக் கீற்றாக ஏறி வெடித்த வெளிச்சங்கள்தான். அதையும் முழுதாகப் பார்க்கவில்லை. குளியலறையில் நின்றுகொண்டு மனைவிக்கு ஃபோன் அடித்துக்கொண்டிருந்தேன். அது கிடக்கட்டும், உடையப்பன் விமானத்தில் சொன்ன கிழவரான ஈசா மணல் மூட்டைக்குப் பின்னால் இருக்கவும் இல்லை. ஏன் என்பது நான்காம் பகுதியில் வரும்.

ஈசா கண்ணை மூடினால் இன்னும் அந்தப் புகை வாசனை

இதுவும் பொய். எந்தப் புகையும் அவர் மூக்குக்குப் போகவில்லை.

மூன்றாவது தொடக்கம் கொஞ்சம் கட்டுரை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தூனிசியா என்ற நாடு பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுதலை வாங்கியது 1956இல். ஆனால் நாட்டின் வட முனையில் இருக்கும் பிஸெர்த் என்ற துறைமுகத்தில் பிரெஞ்சுக் கடற்படை மட்டும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தது. ஐந்து வருடம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு அந்தச் சின்ன நாடு, பழைய எசமானனை எதிர்த்து நின்றது. நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் இளைஞர்கள் பேருந்திலும் லாரியிலும் ஏறி பிஸெர்த்துக்குப் போனார்கள். பயிற்சி கிடையாது, பாதிப் பேர் கையில் துப்பாக்கி கிடையாது. நான்கைந்து நாளில் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் அறுநூற்றுச் சொச்சம் என்று ஒரு கணக்கு, ஆயிரத்துக்கும் மேல் என்று இன்னொரு கணக்கு. இரண்டு வருடம் கழித்து ஓர் அக்டோபர் மாதம் பிரெஞ்சுக்காரர்கள் துறைமுகத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

இதை உடையப்பன் எனக்கு ஒரே வரியில் சொன்னார். "வாடகைக்கு இருந்தவன் வீட்டைக் காலி பண்ணிட்டு, முன் ரூமை மட்டும் பூட்டிச் சாவியைக் கொண்டுபோயிட்டான் தம்பி. அந்தச் சண்டை."

அவருடைய வரி நன்றாக இருக்கிறது. என் பத்தியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டோமே என்று விட்டுவைத்திருக்கிறேன்.

3

உடையப்பனுக்கு மேலே இருந்த இன்ஜினியர் ஃபவாஸ், தூனிசியாக்காரர். கத்தாமல் வேலை வாங்குகிறவர். ராஸ் லஃபானுக்குப் பக்கத்து ஊரான அல் கோரில் மனைவி மர்ஜானாவுடன் குடியிருந்தார். சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் அப்பாவையும் ஊரிலிருந்து அழைத்துவந்து வைத்துக்கொண்டார். அந்த அப்பாதான் ஈசா. எண்பத்து மூன்று வயது, முழங்கால் வலி. ஒருநாள் குளியலறையில் வழுக்கி, விழாமல் தப்பித்தார். மறுநாள் சைட்டில் ஃபவாஸ் உடையப்பனை ஓரமாக அழைத்து, வீட்டுக் குளியலறையில் கைப்பிடி மாட்டித்தர முடியுமா என்று கேட்டார். கம்பெனி வேலை இல்லை, சொந்த வேலை. முடியாது என்றாலும் தவறாக நினைக்க மாட்டேன் என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் உடையப்பன் டிரில் மெஷினோடு போனார். இரண்டு கைப்பிடி மாட்டினார். மாட்டியதும், நூறடி உயரத்துச் சாரத்தைச் சோதிக்கிறவர் மாதிரி தன் முழு எடையையும் போட்டு அதில் தொங்கிக் காட்டினார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஈசா, பைஜாமாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து தானும் தொங்கப் பார்த்தார். மர்ஜானா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உடையப்பனின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்து, மேசைமேல் புள்ளி போட்ட டொமினோக் கட்டைகளைக் கொட்டினார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டம். மதியம் இரண்டரைக்குப் போனால் ஐந்து மணிக்குத் திரும்புவார். தொழிலாளர் கேம்ப்பில் அறைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். உடையப்பன் கண்டுகொள்ளவில்லை. வாரத்தில் ஆறு நாள் "ஜல்தி, ஜல்தி" என்று கத்திவிட்டு, ஏழாம் நாள் யாரையும் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. ஈசா இவரை "உதய்" என்று கூப்பிட்டார். அரபியில் அப்படி ஒரு பெயர் இருக்கிறதாம். இவர் அவரை "பாபா" என்றார்.

[வாசகர் இங்கே கேட்கலாம்: இருவரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள்? ஈசாவுக்குத் தூனிசிய அரபியும் பிரெஞ்சும். உடையப்பனுக்குத் தமிழ், சைட் இந்தி, வளைகுடாவில் பொறுக்கிச் சேர்த்த உடைந்த அரபி. இரண்டுக்கும் நடுவே ஒரு முந்நூறு சொல் பொதுவாக இருந்திருக்கும். மீதியைக் கையும் முகமும் டொமினோக் கட்டைகளும் பேசின. ஆகவே இனி ஈசா பேசுவதாக நான் எழுதுவதில் ஈசா பாதி, உடையப்பன் பாதி. நானும் இடையில் கொஞ்சம் ஒட்டியிருப்பேன், தட்டிவிட்டுப் படியுங்கள்.]

ஒரு வெள்ளிக்கிழமை ஈசா போரைப் பற்றிய பேச்சை எடுத்தார்.

"யாரோட சண்டை பாபா? இங்கிலீஸ்காரனா?"

"பிரெஞ்சுக்காரன்."

"எங்க ஊர்ப் பக்கம் பாண்டிச்சேரியில இருந்தவனும் அவன்தான்."

ஈசாவின் கண் விரிந்தது. "நீங்களும் அடித்து விரட்டினீர்களா?"

உடையப்பன் பள்ளிக்கூடத்துப் பாடத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். "கடைசியில ஓட்டுப் போட்டாங்க பாபா. போயிட்டான்."

"ஓட்டா!" என்றார் ஈசா. "ஓட்டுப் போட்டால் போய்விடுவானா அவன்?" சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மர்ஜானா எட்டிப் பார்த்தாள். அவளிடம் அரபியில் சொன்னார். அவளும் சிரித்தாள். உடையப்பனும் சேர்ந்துகொண்டார். என்ன தமாஷ் என்று தனக்கு முழுதாக விளங்கவில்லை என்றார் என்னிடம்.

அன்று மாலை ஃபவாஸ் அவரைக் கேம்ப்புக்குக் காரில் கொண்டுவிட்டார். வழியில், "பாபாவின் கையில் இருக்கிற தழும்பைப் பார்த்தாயா?" என்று கேட்டார். ஈசாவின் இடது முன்கையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் சுருங்கி வெளுத்திருக்கும். "பிஸெர்த்தில் பட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்து நண்பர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து அதைக் காட்டுவேன். பாபா ஒன்றும் பேசாமல் கையை நீட்டுவார். எங்கள் தெருவில் வேறு எந்தப் பையனின் அப்பாவிடமும் அது கிடையாது."

4

செப்டம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உடையப்பன் போனபோது மேசைமேல் கட்டைகள் கொட்டப்படாமல் டப்பாவிலேயே இருந்தன. பக்கத்தில் ஓர் அழைப்பிதழ். தோஹாவில் இருக்கும் தூனிசியாக்காரர்கள் சேர்ந்து, பிரெஞ்சுப் படை வெளியேறிய நாளை அக்டோபரில் கொண்டாடப்போகிறார்கள். பிஸெர்த் போரில் கலந்துகொண்ட ஒருவர் இங்கேயே இருக்கிறார் என்று ஃபவாஸ் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு ஏக மகிழ்ச்சி. ஈசாவை மேடையேற்றிக் கேடயம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொல்லப்போகிறார்கள்.

"மப்ரூக் பாபா" என்று வாழ்த்தினார் உடையப்பன்.

ஈசா எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். வீட்டில் மர்ஜானா இல்லை, ஃபவாஸும் இல்லை. இருந்தும் சாத்தினார். டப்பாவைத் திறந்து, ஒரு கட்டையை மேசை நடுவில் வைத்தார்.

"இது பஸ்" என்றார்.

பஸ் கிளம்பியது சஃபாக்ஸ் நகரிலிருந்து. உள்ளே நாற்பது பையன்கள். ஈசா சன்னலோரம், பக்கத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். சூஸ் என்ற ஊரைத் தாண்டி, இருபுறமும் ஆலிவ் தோப்பாக இருந்த இடத்தில் இன்ஜினிலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. பெல்ட் அறுந்திருந்தது. ஓட்டுநருக்கு உதவுகிறேன் என்று இறங்கிய ஈசா, சூடாக இருந்த ரேடியேட்டர் மூடியைத் திருகினான். கொதிநீர் பீறிட்டுக் கையில் அடித்தது.

ஈசா சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார். "இதுதான்."

உடையப்பன் குனிந்து தழும்பைப் பார்த்தார்.

ஈசா இரண்டாவது கட்டையை எடுத்து முதல் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். அது ஒரு கோதுமை லாரி. அந்த வழியே வந்தது. பையன்கள் கைகாட்டி நிறுத்தினார்கள். எல்லாரும் ஏறத் தொடங்கினார்கள். பஸ்ஸோடு ஓட்டுநர் தனியாக நிற்க வேண்டுமே, துணைக்கு யாராவது இருங்கள் என்று யாரோ சொன்னார்கள். ஈசா கையைத் தூக்கினான். நல்ல கையை.

"காயம்பட்ட கையை இல்லை உதய். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை. என் காயத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. நானே தூக்கினேன்."

"லேஷ் பாபா?" ஏன் என்று கேட்டார் உடையப்பன்.

"அறுபது வருடமாக அதைத்தான் யோசிக்கிறேன். பயமாக இருந்திருக்கலாம். கை எரிந்ததாலும் இருக்கலாம். ஓட்டுநர் வயசானவர், பாவம் என்று நினைத்திருக்கலாம். எது முதலில் வந்தது என்று தெரியவில்லை."

பெல்ட் கிடைக்க மூன்று நாள் ஆயிற்று. பஸ் பிஸெர்த் போய்ச் சேர்ந்தபோது துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்திருந்தது. ஈசா இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களுக்குத் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்தான். பிறகு மிஞ்சியவர்களோடு அதே பஸ்ஸில் ஊர் திரும்பினான். லாரியில் ஏறியவர்கள் நாற்பதுக்கு ஒருவர் குறைவு. அதில் ஏழு பேர் வரவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவனும் அந்த ஏழில் ஒருவன்.

"அவன் பேரு மட்டும் சொல்லவே இல்ல தம்பி" என்றார் உடையப்பன் என்னிடம்.

ஊர் முழுவதும் பஸ் நிலையத்தில் கூடியிருந்தது. இறங்கிய ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தார்கள். கட்டுப்போட்ட கையோடு இறங்கியவனை அதிக நேரம் கட்டிப்பிடித்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஈசாவும் சொல்லவில்லை. உடன் வந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் யாரும் அதைப் பேசவில்லை. ஒவ்வொருவராக அவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கதை தானாக வளர்ந்தது.

"நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை உதய். கையை மட்டும் நீட்டினேன்."

5

இந்த இடத்தில் உடையப்பன் சொன்ன பதிலை நான் மிகவும் நம்பியிருந்தேன். கதை இதில்தான் நிற்கப்போகிறது என்று முதல் வரைவில் அடிக்கோடு போட்டேன். ஈசா அந்தப் பதிலை ஒரே போடாகப் போட்டு உடைத்துவிட்டார்.

உடையப்பன் சொன்னது இது: "பாபா, எங்க சைட்ல பெரிய தொட்டிக்குள்ள ஆள் இறங்கினா, உள்ள இருக்கவனைக் கவனிச்சுக்கிட்டு வாசல்ல ஒருத்தன் நிக்கணும். ஸ்டாண்ட்பைன்னு பேரு. அவன் உள்ள போகக் கூடாது. போனா வேலையை விட்டே தூக்கிருவாங்க. உள்ள போனவன் மட்டுமா வேலை பாக்குறான்? வாசல்ல நின்னவனுக்கும் அது டூட்டிதான். நீங்க ஸ்டாண்ட்பை."

ஈசா பொறுமையாகக் கேட்டார். புரிய நேரம் எடுத்தது. கட்டைகளை வைத்து உடையப்பன் இரண்டு முறை விளக்கினார். கடைசியில் கிழவர் தலையை ஆட்டினார்.

"உன் வாசல்காரனை நிற்கச் சொன்னது யார்?"

"ஃபோர்மேன். நான்தான்."

"என்னை யாரும் சொல்லவில்லையே" என்றார் ஈசா.

நான் அடிக்கோட்டை அழித்தேன்.

"நான் மேடையில் உண்மையைச் சொல்லிவிடட்டுமா?" என்று ஈசா கேட்டார். "என் மகன் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான்."

"எனக்குத் தெரியல பாபா."

"உன்னிடம் ஏன் சொன்னேன் தெரியுமா? என் ஊரில் உனக்கு ஒருவரையும் தெரியாது. நீ யாரிடமும் போய்ச் சொல்லவும் உனக்கு மொழி கிடையாது." சொல்லிவிட்டுக் கிழவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "அதற்காக மட்டும் இல்லை. நீ தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியை என்னிடம் விட்டாய்."

அடுத்த வாரம் சைட்டில், மதிய இடைவேளையில், ஃபவாஸ் தண்ணீர் பாட்டிலோடு வந்து உடையப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாபா சரியாகச் சாப்பிடுவதில்லை. என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். உன்னிடம் ஏதாவது சொன்னாரா?"

உடையப்பன் பத்தொன்பது வருடத்தில் எந்த இன்ஜினியரிடமும் பொய் சொன்னதில்லை. சரியில்லாத சாரத்துக்குச் சரி என்று சீட்டு மாட்டியதில்லை. அன்று சொன்னார்: "மாஃபி சார். ஒண்ணும் சொல்லலை."

சொன்ன கையோடு அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

விழா பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை. உடையப்பனுக்குப் பதினைந்தாம் தேதிக்கே டிக்கெட் போட்டிருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு தீபாவளிக்கு ஊரில் இருக்கப்போகிறார். ஈசா, "நீ வருவாய்தானே?" என்று கேட்டதும் டிக்கெட்டைப் பதினெட்டுக்கு மாற்றினார். ஊரில் மனைவி சரசு ஃபோனிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, யாரோ ஒரு கெழவருக்குக் கேடயம் குடுத்தா உங்களுக்கென்னங்க? நான் பதினஞ்சுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"பதினெட்டுன்னு சொல்லு."

"ஏன்னு கேப்பாங்களே?"

"கேட்டாச் சொல்லு, ஒருத்தருக்குத் துணைக்கு இருக்கேன்னு."

சரசு, "அவுகளுக்கு ஒடம்புக்கு முடியலையா?" என்றாளாம், குரல் இறங்கி.

6

இப்படி ஒரு உடையப்பன் இருப்பாரா?

இந்தச் சந்தேகம் இரண்டாம் வரைவில் வந்தது. ஆறு வருடம் கழித்துப் போகிற தீபாவளியில் மூன்று நாளைக் குறைத்துக்கொண்டு, மொழி தெரியாத விழாவுக்கு யார் போவார்கள்? அவருக்கு ஏதாவது ஆதாயம் வைக்கலாமே என்று தோன்றியது. பதவி உயர்வு ஃபவாஸ் கையில் இருந்தது என்று ஒரு பத்தி எழுதினேன். ஃபோன் செய்து அவரிடமே கேட்டேன்.

"ஆதாயமா?" என்றார். "அவர் மேடையில நிக்கையில அங்க ஒரு ஆளுக்காவது விசயம் தெரிஞ்சிருக்கணும்ல தம்பி. தனியா எப்படி நிப்பாரு?"

பத்தியை எடுத்துவிட்டேன்.

7

மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கும். உடையப்பன் தேய்த்த வெள்ளைச் சட்டையில், மூன்றாம் வரிசை ஓரத்தில். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் தமிழர். குழந்தைகள் கொடி பிடித்துப் பாடினார்கள். யாரோ நீளமாகப் பேசினார். பிறகு ஈசாவின் பெயர் ஒலித்தது.

ஈசா சிவப்புக் குல்லாவும் நீண்ட அங்கியுமாகப் படியேறினார். கேடயத்தை வாங்கினார். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு பேசினார். வீட்டில் உடையப்பனோடு நிறுத்தி நிறுத்திப் பேசுகிற அரபி அல்ல. அவருடைய ஊர் அரபி, மளமளவென்று. உடையப்பனுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிஸெர்த் என்ற பெயர் இரண்டு முறை கேட்டது. அவ்வளவுதான். ஆகவே அவர் பேச்சை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தார்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஈசா அங்கியின் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார். முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபவாஸ் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், முகம் தெரியவில்லை. மர்ஜானா கணவனின் முதுகில் கை வைத்தாள். ஈசா விரல்விட்டு எண்ணிக்கொண்டே சில பெயர்களைச் சொன்னார். எத்தனை பெயர் என்று உடையப்பன் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும் என்று விமானத்தில் தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியில் ஈசா கையை நீட்டி மூன்றாம் வரிசை ஓரத்தைக் காட்டினார். "உதய்" என்றார். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

இருநூறு பேரும் திரும்பினார்கள். ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லாரும். சிலர் எழுந்தும் நின்றார்கள். உடையப்பன் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து, கும்பிடுவதா சலாம் வைப்பதா என்று குழம்பி, நெஞ்சில் கைவைத்து நின்றார். மேடையில் ஈசா அவரைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். அதற்குள் ஃபவாஸ் மேடையேறி, அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டு, அப்படியே தோளில் முகம் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் காரில் ஈசா பின் இருக்கையில் நன்றாக உறங்கினார். கேம்ப் வாசலில் இறங்கும்போது ஃபவாஸ், "நாளைக்கு உன் விமானம் எத்தனை மணிக்கு? நானே கொண்டுவிடுகிறேன்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொன்னதில்லை. கொண்டுவிடவும் செய்தார். விமான நிலையத்தில் பெட்டியைத் தானே இறக்கி வைத்தார்.

8

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: ஈசா உண்மையைச் சொல்லிவிட்டார். ரேடியேட்டர் கதையில் சிரித்தார்கள், ஏழு பெயரில் அழுதார்கள். அறுபத்து நான்கு வருடம் தூக்கிய பாரத்தை இந்த மனிதரிடம்தான் முதலில் இறக்கிவைத்தேன் என்று உடையப்பனைக் காட்டினார்.

இரண்டாம் முடிவு: சொல்லவில்லை. எல்லாரும் எதிர்பார்த்த கதையைச் சொன்னார். மகனுக்காக. கடைசியில், பிரெஞ்சுக்காரனை ஓட்டுப் போட்டே அனுப்பிய நாட்டுக்காரர் இதோ இருக்கிறார் என்றார். கைதட்டினார்கள்.

மூன்றாம் முடிவு: பஸ்ஸோடு நின்ற ஒரு பையனைப் பற்றிச் சொன்னார், ஆனால் அது தான் என்று சொல்லவில்லை. எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். அதனால் எனக்கு இதன்மேல் கொஞ்சம் ஆசை.

பார்த்தீர்களா, சிரிப்பு, தழும்பு, பெயர்கள், முத்தம் எல்லாமே மூன்றிலும் பொருந்துகிறது. உடையப்பன் ஃபவாஸிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். கேட்கலாமே என்றேன். "கேட்டா, 'ஏன் கேக்குற, உனக்கு வேற ஏதும் தெரியுமா'ன்னு அவரு கேப்பாரு. பாபா சொல்லாம இருந்திருந்தா? என் வாயால அது போகணுமா?" என்றார். சரி, ஈசாவிடமே கேட்கலாமே? "அது மரியாதையா இருக்காது தம்பி."

9

விடுமுறை முடிந்து அவர் திரும்பிய பிறகு, டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அல் கோருக்குப் போனேன். தொண்டிக்காரர் சாதிக் பாட்ஷா நடத்துகிற டீக்கடையில் உட்கார்ந்து, இதுவரை எழுதியதை உடையப்பனுக்குப் படித்துக் காட்டினேன். சாதிக் பாட்ஷாவும் கல்லாவிலிருந்தபடியே கேட்டார்.

"நாப்பது பேர்ல ஒருத்தர் கம்மின்னு எழுதியிருக்கீங்க. சரிதான்" என்றார் உடையப்பன். "சரசு ஃபோன்ல கோவிச்சதைக் கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கீங்க. பரவாயில்ல."

"முடிவு?"

"எதுக்கு முடிவு? ஆளு இருக்காருல்ல. இப்பல்லாம் ரெண்டு வேளை நல்லாச் சாப்புடுறாரு. போன வாரம் மர்ஜானா வச்ச மீனைத் தலையோட தின்னுட்டு எனக்கு முள்ளைக் குடுத்தாரு."

"அப்ப சொல்லிட்டாருன்னுதான் அர்த்தம்" என்றார் சாதிக் பாட்ஷா. "மனசு லேசானாத்தான் வயிறு கேக்கும்."

"விழா முடிஞ்சாலே வயிறு கேக்கும் பாய்" என்றேன் நான்.

உடையப்பன் இருவரையும் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குறை எதுவும் இல்லை. எனக்குத்தான் இருந்தது. டீயைக் குடித்து முடித்தார். மணி இரண்டேகால். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வர்றீங்களா தம்பி? ஒம்பது வருசமா இங்க ஆபீஸ்ல இருக்கீங்க, அரபி நல்லா வரும்னு சொன்னீங்களே. பாபாவுக்குப் பேச ஆள் கெடைச்சா சந்தோசப்படுவாரு."

அவர் விளையாட்டாகக் கேட்டாரா, வேண்டுமென்றே கேட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. நான் எழுந்தேன்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். நான் போனேனா, கேட்டேனா, அவர் சொன்னாரா என்பதை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். என் இடத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். உங்களுக்கு அரபி தெரியும் என்று வைத்துக்கொள்வோம். உடையப்பன் தெருவைக் கடந்துவிட்டார், திரும்பி உங்களுக்காகக் காத்திருக்கிறார். எண்பத்து மூன்று வயது மனிதர் ஒருவர் மேலே காத்திருக்கிறார். கேட்டால் சொல்லிவிடுவார் என்றுதான் தோன்றுகிறது. கேட்பதும் கேட்காமல் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வருவதும் உங்கள் விருப்பம்.

மூன்றாவது மாடி. வலப்பக்க லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடும். இடப்பக்கத்தில் ஏறுங்கள்.